முதல் ரெண்டு மரை

போன மாதம் நான் வேலை செய்யும் ஃபேக்டரியில் ஒரு ஷாஃப்ட் ரிஜெக்ட் ஆகி என் மேஜைக்கு வந்தது. கூடவே ஒரு தாள். ‘காரணம்’ என்ற கட்டத்தில் டிரெய்னி பையன் ‘மெட்டீரியல் சரியில்லை’ என்று எழுதியிருந்தான்.

ஷாஃப்டை ஜன்னல் பக்கம் கொண்டுபோய்த் திருப்பிப் பார்த்தேன். முனையில் முதல் மூன்று மரைகள் ஒன்றின் மேல் ஒன்று சாய்ந்து கிடந்தன. நாலாவதிலிருந்து எல்லாம் புதுசாக மின்னின. இரும்பு மோசமாக இருந்தால் மரை உதிரும், பொடியும். இப்படி ஒரே பக்கமாகச் சாயாது. நட்டைக் கோணலாக வைத்து, ஏறவில்லை என்று தெரிந்த பிறகும் ஸ்பானர் போட்டு இழுத்தால்தான் இப்படி ஆகும்.

பையனைக் கூப்பிட்டேன். பத்தொன்பது வயசு இருக்கும். தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

“நட்டு எப்படி ஏறுச்சு?”

“நல்லாத்தான் சார் ஏறுச்சு.”

அதற்கு மேல் நான் எதுவும் கேட்கவில்லை. “நாளைக்குப் பேசலாம், போ” என்று அனுப்பிவிட்டேன். குவாலிட்டி செக்‌ஷனில் இருப்பவன் செய்யக்கூடாத காரியம் அது. அன்றைக்கே கேட்டு, அன்றைக்கே எழுதி, மேலே அனுப்பியிருக்க வேண்டும். ஆனால் அவன் நின்ற மாதிரியே நான் 2008-ல் ஒருவர் முன்னால் நின்றிருக்கிறேன். அந்த இடம் மேட்டுப்பாளையம்.

*

மேட்டுப்பாளையம் என்றதும் ஊட்டி ரயில் ஞாபகம் வந்தால், அது வேறு ஊர். இது புதுச்சேரி மேட்டுப்பாளையம். இங்கே மலையும் கிடையாது, டூரிஸ்டும் கிடையாது. பிப்டிக் தொழிற்பேட்டை இருக்கிறது. லாரிகள் வரிசையாக நிற்கும் டிரக் டெர்மினல் இருக்கிறது. பாண்டிச்சேரி என்றால் மஞ்சள் சுவரும் கடற்கரைச் சாலையும் என்று நினைத்து வருகிறவர்கள் யாரும் இந்தப் பக்கம் வரமாட்டார்கள். டீசல் வாசனை, கிரீஸ், வெல்டிங் வெளிச்சம், லேத்து ஓடும் சத்தம், நடுநடுவே டீக்கடைகள். நான் வளர்ந்த பாண்டிச்சேரி இதுதான்.

அந்த டீக்கடைகள்தான் எங்கள் வீட்டுக்குச் சோறு போட்டன. அப்பா ரொட்டி லைன் போய்க்கொண்டிருந்தார். விடியற்காலை நாலு மணிக்கு பேக்கரியில் பன்னும் ரொட்டியும் ரஸ்க்கும் எடுத்து, மொபெட்டின் முன்னாலும் பின்னாலும் பிளாஸ்டிக் கூடை கட்டி, மூலக்குளத்திலிருந்து மேட்டுப்பாளையம் வரை இருபது இருபத்தைந்து கடைகளுக்குப் போடுவார். முதல் ஷிஃப்ட் ஆட்கள் டீ குடிக்க வருவதற்குள் கடையில் பன் இருக்க வேண்டும். ஏழு மணிக்கு மேல் வரும் பன்னை யாரும் வாங்கமாட்டார்கள். அதற்குள் இட்லி வந்துவிடும்.

1980-ல் ஓசூரிலிருந்து டி.வி.எஸ். 50 வந்த பிறகு, தமிழ்நாட்டிலும் புதுச்சேரியிலும் எத்தனையோ குடும்பங்கள் 50 சிசி என்ஜின் ஒன்றை நம்பிப் பிழைத்திருக்கின்றன. பால்கேன், மீன்கூடை, கீரைக்கட்டு, கோலமாவு மூட்டை எல்லாவற்றையும் அது இழுத்தது. எங்கள் வண்டியும் அந்த ஜாதிதான். அப்பாவுக்கு முன்னால் இரண்டு பேர் ஓட்டித் தேய்த்த வண்டி.

நான் அப்போது ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் டிரேடு முதல் வருஷம். அரம் பிடிக்கக் கற்றுக்கொடுத்திருந்தார்கள். டாப் போட, டை போடக் காட்டிக்கொடுத்திருந்தார்கள். அது போதாதா? வீட்டில் மிக்ஸி, ஃபேன், அண்டை வீட்டு சைக்கிள் எல்லாவற்றையும் நான்தான் பிரிப்பேன். சில சமயம் சேர்க்கவும் செய்வேன்.

*

ஒரு நாள் சாயங்காலம் வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை. பிளக்கைக் கழற்றி ஹெட்டில் வைத்து மிதித்துப் பார்த்தேன். கரண்ட் வரவில்லை. பாயிண்ட் அழுக்காகியிருக்கும். உப்புத்தாள் வைத்து இரண்டு இழுப்பு இழுத்தால் சரியாகிவிடும். பிரச்சினை என்னவென்றால், பாயிண்ட் இருப்பது மேக்னெட்டுக்குப் பின்னால். மேக்னெட்டைக் கழற்ற வேண்டும்.

“மெக்கானிக்கக் கூப்பிடட்டுமா?” என்று அப்பா கேட்டார்.

“நூத்தம்பது ரூபா கேப்பாரு. நானே பாக்கறேன்.”

அப்பா படுக்கப் போய்விட்டார். மூன்றரைக்கு எழுந்திருக்கிற மனிதர் எட்டு மணிக்குப் படுத்தால்தான் உண்டு.

மேக்னெட்டைப் பற்றி ஒரு விஷயம் சொல்ல வேண்டும். நடுவில் ஒரு நட்டு இருக்கும். அந்த நட்டுதான் மேக்னெட்டை ஷாஃப்ட்டில் பிடித்து வைத்திருக்கிறது என்று பார்க்கிறவர்கள் நினைப்பார்கள். பிடித்திருப்பது டேப்பர். கிராங்க் ஷாஃப்ட்டின் முனை கூம்பு மாதிரி ஒடுங்கி வரும். மேக்னெட்டின் துளையும் அதே கூம்பு. ஒன்றுக்குள் ஒன்று இறுகி, உராய்விலேயே பிடித்துக்கொள்ளும். நடுவில் அரை நிலா வடிவத்தில் ஒரு சின்ன கீ இருக்கும். அதன் வேலை பளு தாங்குவது இல்லை, மேக்னெட் சரியான இடத்தில் உட்கார வழிகாட்டுவது. நட்டின் வேலை அந்தக் கூம்பை அழுத்தி உட்காரவைப்பது. நட்டு தளர்ந்தால் பிடி விடும், கீ வெட்டுப்படும், நேரம் தப்பிக் கரண்ட் வரும், என்ஜின் உதைக்கும்.

இறுகிப்போன கூம்பைப் பிரிக்க புல்லர் என்ற கருவி வேண்டும். அது மேக்னெட்டைப் பிடித்துக்கொண்டு ஷாஃப்ட் முனையில் ஒரு போல்ட்டால் அழுத்தும். ‘டக்’ என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். புல்லர் இல்லாதவன் என்ன செய்வான்? பின்னால் ஸ்க்ரூ டிரைவர் விட்டு நெம்புவான், ஷாஃப்ட் முனையில் சுத்தியலால் அடிப்பான். நட்டைக் கொஞ்சம் மேலே விட்டு, அதன் மேல் மரக்கட்டை வைத்து அடித்தாலாவது மரை தப்பிக்கும். நான் நட்டை முழுசாகக் கழற்றிப் பத்திரமாக ஒரு தட்டில் வைத்துவிட்டு, வெறும் ஷாஃப்ட்டை அடித்தேன். நட்டுக்கு எதுவும் ஆகிவிடக்கூடாதே என்று.

ஆறாவது அடியில் மேக்னெட் வந்துவிட்டது. பாயிண்டைத் துடைத்தேன். மிதித்தேன். பிளக்கில் நீலமாகக் கரண்ட் பாய்ந்தது. அந்த ராத்திரியில் எனக்கு இருந்த சந்தோஷத்தை இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அம்மா “கைய கழுவிட்டு சாப்பிட வாடா” என்றாள்.

மேக்னெட்டை மறுபடியும் மாட்டி நட்டை வைத்தேன். ஏறவில்லை. முனை கொஞ்சம் பரந்திருந்தது. அழுத்தி, கொஞ்சம் சாய்த்துத் திருப்பினேன். பிடித்த மாதிரி இருந்தது. விரலால் போகவில்லை. அங்கேயே நிறுத்தியிருக்க வேண்டும். நட்டு விரலால் ஏறவில்லை என்றால் ஏதோ தப்பு என்பது ஃபிட்டருக்கு முதல் வாரம் சொல்லித்தரும் பாடம். ஸ்பானர் போட்டு இழுத்தேன். ஒன்றரை சுற்று போய் இறுகி நின்றது. திருப்பிக் கழற்றப் பார்த்தால் வரவில்லை. அதை எடுக்க நட்டின் பக்கத்தில் சுத்தியலால் இரண்டு தட்டு. கை தவறிய ஒன்று ஷாஃப்ட் மேலேயே விழுந்தது. நட்டு வந்தபோது அதன் பல்லிடுக்கில் வெள்ளிக் கம்பி மாதிரி ஒன்று சுருண்டு தொங்கியது. அது ஷாஃப்ட்டின் மரை.

மணி பதினொன்று.

மூன்றரைக்கு அப்பா எழுந்தார். நான் தூங்கவில்லை. “ஆச்சாடா?” என்றார்.

“இல்லப்பா. போன தடவ மெக்கானிக் போட்ட நட்டு சரியில்ல. மரைய தின்னுடுச்சு.”

இதைச் சொல்லத் திட்டமிட்டிருந்தேனா என்று இன்றுவரை தெரியவில்லை. வாயில் தயாராக இருந்தது, வந்துவிட்டது. அப்பா வண்டியை ஒரு தரம் பார்த்தார். எதிர் வீட்டில் சைக்கிள் கேட்டு வாங்கினார். கூடையைக் கேரியரில் கட்டினார். ஒரே நடையில் எடுக்க முடியாத சரக்கு அது. இரண்டு நடை அடித்தார். இரண்டாவது நடை போய்ச் சேர்ந்த கடைகளில் இட்லி வந்துவிட்டிருந்தது.

*

காலையில் அம்மாவிடம் நூறு ரூபாய் வாங்கிக்கொண்டு வண்டியைத் தள்ளினேன். அரை மணி நேரத்துக்கு மேல் ஆனது.

முதல் லேத்துக்காரர் குனிந்துகூடப் பார்க்கவில்லை. “கிராங்க் மாத்தணும் தம்பி. என்ஜின பிரிக்கணும்” என்றார். அது ஆயிரத்துக்கு மேல் போகும் வேலை. இரண்டாவது ஆள், “வெல்டு வெச்சு நெரப்பி, கடஞ்சு, புது மரை வெட்டலாம்” என்றார். அதற்கும் கிராங்க் வெளியே வரவேண்டும்.

மூன்றாவது பட்டறை ஒரு ஷட்டர் அகலம்தான். ஒரு லேத்து, ஒரு வைஸ், சுவரெல்லாம் ஆணியில் தொங்கும் டைகள். எல்லோரும் மேஸ்திரி என்று கூப்பிட்ட பெரியவர், அறுபது தாண்டியவர். இங்கே ஒரு பஞ்சாலையின் ஒர்க்‌ஷாப்பில் வேலை கற்று, முப்பது வருஷத்துக்கு மேல் அங்கேயே இருந்தவர். வண்டியின் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, கட்டை விரல் நகத்தை ஷாஃப்ட்டின் உள்பக்கத்திலிருந்து முனை வரைக்கும் மெதுவாக இழுத்தார். நகம் ‘டிக் டிக் டிக்’ என்று வந்து முனைக்கு முன்னால் நின்றுபோனது.

“எப்படி ஆச்சு?”

“நட்டு பழசுண்ணே. மரைய தின்னுடுச்சு.”

அவர் என்னைப் பார்க்கவில்லை. ஷாஃப்ட்டையே பார்த்துக்கொண்டு சொன்னார். “நட்டு பழசா இருந்தா நட்டுதான் தேயும். ஷாஃப்ட்டு முனை காளான் மாதிரி பூக்காது. சுத்திதானே?”

தலையாட்டினேன்.

“சரி, அத வுடு. அது எனக்கே தெரியுது. தெரியாதது ஒண்ணு கேக்கறேன். அடிச்சப்புறம் நட்ட ஏத்திப் பாத்தியா? கையாலயா, ஸ்பானராலயா?”

நான் தரையைப் பார்த்தேன். சிமெண்டுத் தரையில் சுருள் சுருளாக இரும்புச் சீவல் கிடந்தது.

“தம்பி, நான் உன்ன திட்டறதுக்குக் கேக்கல. இந்தப் பூத்ததுக்கு அடியில என்னா இருக்குதுன்னு எனக்குத் தெரியாது. உனக்குத் தெரியும். வெறும் அடி மட்டும்னா, முனைய தேச்சுட்டு வெளியிலேர்ந்து டைய வுட்டா பத்து நிமிஷ வேலை. நட்டு கோணலா ஏறியிருந்தா, உள்ள பொய்க்காடி ஒண்ணு வுழுந்திருக்கும். டை வெளியிலேர்ந்து போனா அந்தப் பொய்க்காடியத்தான் புடிச்சுகினு போவும். இருக்கற நல்ல மரையும் சேத்து வெட்டிப்புடும். அப்புறம் கிராங்க்தான் மாத்தணும். நீ சொல்லு, எங்கேர்ந்து ஆரம்பிக்கட்டும்?”

“ஸ்பானரால இழுத்தேண்ணே. ஒன்றரை சுத்து போச்சு.”

“ஆங். அவ்ளோதான்” என்று எழுந்தார்.

பிறகு கேட்டார். “வண்டி யாருது?”

“அப்பாது.”

“என்னா தொழில்?”

“ரொட்டி லைன்.”

“அப்ப இன்னிக்கு?”

“சைக்கிள்ல போனாரு.”

லேத்தில் ஓடிக்கொண்டிருந்த வேலையை நிறுத்தினார். “மொதல்லயே இத சொல்றதுக்கு என்னா?” என்றார். அன்றைக்கு அவர் என்னைக் கடிந்துகொண்டது இது ஒன்றுக்குத்தான்.

*

டப்பாவிலிருந்து பிட்ச் கேஜை எடுத்தார். விசிறி மாதிரி விரியும் இலைகள், ஒவ்வொன்றின் விளிம்பிலும் ஒரு ரம்பம். நல்ல மரை இருந்த உள்பக்கத்தில் ஒவ்வொரு இலையாக வைத்து வெளிச்சத்தில் பார்த்தார். ஒரு இலை வெளிச்சம் புகாமல் உட்கார்ந்தது. அதே டப்பாவில் இன்னொரு விசிறியும் இருந்தது. “அது எதுக்குண்ணே?” என்றேன்.

“இது மில்லிமீட்டரு. அது அங்குலம். மில்லுல ரெண்டும் வேணும். வெள்ளக்காரன் மிஷின் ஒரு மரை, பிரெஞ்சுக்காரன் மோட்டாரு ஒரு மரை. கண்ணுக்கு ஒண்ணா தெரியும். ஏத்துனா ரெண்டு சுத்துல மாட்டிக்கும்.”

இந்தக் கதையைப் பிறகு நானே தேடிப் படித்தேன். ஒரு காலத்தில் ஒவ்வொரு பட்டறையும் தன் இஷ்டத்துக்கு மரை வெட்டியது. ஒரு பட்டறை போல்ட்டுக்கு இன்னொரு பட்டறை நட்டு சேராது. இங்கிலாந்தில் ஜோசப் விட்வொர்த் பல பட்டறைகளின் போல்ட்டுகளைச் சேகரித்து, சராசரி எடுத்து, 1841-ல் ஒரு பொது அளவை முன்வைத்தார். மரையின் கோணம் 55 டிகிரி. 1864-ல் அமெரிக்காவில் வில்லியம் செல்லர்ஸ் 60 டிகிரியை முன்வைத்தார். வெட்டுவதற்கும் சரிபார்ப்பதற்கும் அது சுலபம். 1898-ல் சூரிச் நகரில் கூடிய மாநாட்டில் மில்லிமீட்டரில் அளக்கும் மரைக்கு ஒரு பொது முறை உண்டானது. அதுவும் 60 டிகிரி. நம் வண்டிகளில் இன்று இருப்பது அந்த வம்சம்தான். எங்கள் ஊர் முதலியார்பேட்டை ஏ.எஃப்.டி. மில் தொடங்கியதும் அதே 1898-ல்தான். இரண்டுக்கும் சம்பந்தம் ஒன்றுமில்லை. ஆனாலும் 1954 வரை பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட ஊரில், கூப்பிடு தூரத்தில் ஆங்கிலேயர் எல்லை இருந்த ஊரில், ஒரு பெரியவரின் டப்பாவுக்குள் இரண்டு விசிறிகளும் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தது எனக்குப் பிடித்திருக்கிறது.

“ஐ.டி.ஐ.தானே? அரத்த புடி” என்றார்.

முதல் வேலை, பரந்த முனையைத் தேய்த்து எடுப்பது. தட்டை அரத்தால் தேய்க்கச் சொன்னார். ஒரு பழைய துணியை டேப்பரைச் சுற்றிக் கட்டினார், தூள் உள்ளே போகாமல். முனை ஒழுங்கானதும் ஓரத்தில் சின்னச் சரிவு கொடுத்தார். இப்போது முதல் ரெண்டு மரை இருந்த இடத்தில் வெறும் வழவழப்பு. அதற்கு உள்ளே இரண்டு மரைகளின் மேல் குறுக்காக ஒரு கீறல், நான் ஸ்பானரால் போட்ட பொய்க்காடி. மேஸ்திரி சொன்னது சரிதான். நான் சொல்லியிருக்காவிட்டால் அந்தக் கீறலைச் சுத்தியல் தழும்பு என்றுதான் யாரும் நினைப்பார்கள்.

பிறகு ஒரு புது நட்டை எடுத்தார். வைஸில் பிடித்து ஆக்ஸா பிளேடால் நட்டநடுவே இரண்டாக அறுத்தார். அறுத்த விளிம்பின் பிசிரை அரத்தால் எடுத்தார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. முழு நட்டே ஏறாதபோது அரை நட்டு என்ன செய்யும்?

இரண்டு பாதிகளையும் ஷாஃப்ட்டின் உள்பக்கத்தில், டேப்பரை ஒட்டி, அடிபடாத மரையின் மேல் பக்கத்துக்கு ஒன்றாகப் பொருத்தினார். அங்கே அவை பிசகில்லாமல் உட்கார்ந்தன. மேலே கிரிப் பிளையரைப் போட்டு இறுக்கினார். சொட்டு ஆயில் விட்டார். பிறகு, கழற்றுகிற திசையில் வெளியே திருப்பினார்.

அப்போது புரிந்தது. வெளியிலிருந்து போகும் எந்தக் கருவிக்கும் முதலில் எதிர்ப்படுவது கெட்டுப்போன இடம். அது எந்தப் பாதையைப் பிடிக்கும் என்று சொல்ல முடியாது. உள்ளேயிருந்து வரும் நட்டு நல்ல காடியில் பிறந்து வருகிறது. அதற்கு வழி தெரியும். சாய்ந்து கிடக்கும் பல்லைத் தன் பல்லால் நிமிர்த்திக்கொண்டே வரும். கால் சுற்று வெளியே, அரைக்கால் சுற்று உள்ளே, மறுபடியும் கால் சுற்று. தடை அதிகமான இடத்தில் பிளையரைத் தளர்த்தி, முக்கோண அரத்தின் விளிம்பால் காடியை ஒரு இழுப்பு இழுத்து, மறுபடியும் இறுக்கினார். ஒவ்வொரு தடவையும் நட்டின் முன்னால் கருப்பான பிசிறு சேர்ந்தது. மண்ணெண்ணெயில் தோய்த்த பிரஷ்ஷால் அதைத் துடைப்பது என் வேலை.

மூன்று தடவை அப்படி வந்த பிறகுதான் டையைக் கையில் எடுத்தார். இப்போது வெளியிலிருந்து விட்டபோது அது சரியான காடியைப் பிடித்துக்கொண்டு போனது. கடைசியில் இன்னொரு புது நட்டு. விரலால் வைத்துச் சுழற்றிவிட்டார். அது தானே சுற்றிக்கொண்டு போய் உட்கார்ந்தது.

“முன்னால ரெண்டு மரை இல்லியேண்ணே, தாங்குமா?” என்றேன்.

“தாங்கும். பளு எல்லா மரையும் சமமா தாங்காது. நட்டு எங்க வந்து அழுத்துதோ, அங்க இருக்கற மொத மரைதான் அதிகமா தாங்கும். ஏறக்கொறைய மூணுல ஒரு பங்கு. அடுத்தது அதவிடக் கம்மி. வெளிமுனையில இருக்கறது சும்மா கூட நிக்கறதுதான். உனக்குப் போனது அது. உள்ள இருக்கறது போயிருந்தா நானும் கிராங்க்தான் மாத்தச் சொல்லியிருப்பேன்.”

“அந்தண்ணன் வெல்டு வெக்கலாம்னாரு.”

“வெக்கலாம். வண்டியோட வெச்சா பேரிங் வழியா கரண்ட் பாயும், சூட்டுல ஆயில் சீல் வெந்துபூடும். பிரிச்சு வெச்சாலும் ஷாஃப்ட்டு வளையாம பாக்கணும். இல்லாததுக்குத்தான் வெல்டு. உனக்குத்தான் இருக்குதே.”

அறுபது ரூபாய் வாங்கிக்கொண்டார். நட்டுக்குப் பத்து ரூபாய் தனி. அறுத்த நட்டின் இரண்டு பாதிகளையும் ஒரு கம்பியில் கோத்து ஆணியில் மாட்டினார். அதற்கு முன்னால் அறுத்தவை அங்கே கொத்தாகத் தொங்கின. எனக்கு முன்னால் வந்த ஆட்கள்.

*

வண்டியை ஓட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். அப்பா திண்ணையில் உட்கார்ந்து முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார். வண்டிச் சத்தம் கேட்டு நிமிர்ந்தார்.

சொல்லிவிடுவது என்று வழியிலேயே முடிவு செய்திருந்தேன். மேஸ்திரியிடம் சொல்லியாகிவிட்டது, இரண்டாவது தடவை சுலபம் என்று நினைத்தேன். சொன்னேன். சுத்தியல், ஸ்பானர், ஒன்றரை சுற்று எல்லாம்.

அப்பா தைல பாட்டிலை மூடினார். “சுத்தியால அடிச்சது சரி. தெரியாம அடிச்ச. மெக்கானிக் போட்ட நட்டுன்னு ஏன்டா சொன்ன?”

நான் பேசவில்லை.

“நான் அவன்கிட்ட போயி சண்ட போட்டுட்டு வந்துட்டேன்டா.”

இது எனக்குத் தெரியாது. சைக்கிளில் இரண்டாவது நடை முடித்துத் திரும்பும்போது அப்பா நேராக மெக்கானிக் கடைக்குப் போயிருக்கிறார். நாலு பேர் நிற்கும்போது, “காசு வாங்கிக்கினு பழைய நட்டப் போட்டிருக்கியே, பொழைக்கறவன் வயித்துல அடிக்கறியே” என்று கேட்டிருக்கிறார். அந்த மனிதர் எங்கள் வண்டியைப் பத்து வருஷமாகப் பார்க்கிறவர். எத்தனையோ முறை ‘அப்புறம் குடு’ என்று சொன்னவர். “நான் போட்டது புது நட்டு” என்று சொல்லியிருக்கிறார். அப்பா நம்பவில்லை. மகன் சொன்னதைத்தான் நம்பினார்.

மறுநாள் லைன் முடிந்ததும் அப்பா என்னைக் கூட்டிக்கொண்டு போனார். கடைக்கு வெளியே வண்டியை நிறுத்திவிட்டு அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டார். “போயி நீயே சொல்லு.”

சொன்னேன். மெக்கானிக் சிரித்தார். “வுடு தம்பி, நானும் கத்துக்கறப்ப எத்தனையோ அடிச்சிருக்கேன்” என்றார். அப்பாவுக்கும் எனக்கும் டீ சொன்னார். அப்பா டீயைக் குடித்தார், “மன்னிச்சுக்கப்பா” என்றார். “அட, இதுல என்னாண்ணே” என்றார் அவர். எல்லாம் சரியாகிவிட்டது என்றுதான் நானும் நினைத்தேன்.

ஆனால் அதற்குப் பிறகு வண்டி வேலைக்குப் போகும்போதெல்லாம், பழைய பாகங்களை ஒரு பேப்பரில் மடித்து அப்பா கையில் கொடுப்பார். “பாத்துக்குங்கண்ணே, இது பழசு, போட்டது புதுசு.” சிரித்துக்கொண்டேதான் சொல்வார். அப்பாவும் சிரித்துக்கொண்டேதான் வாங்குவார். பத்து வருஷத்தில் அதற்கு முன்னால் ஒரு தடவையும் அப்படிக் கொடுத்ததில்லை. ‘அப்புறம் குடு’ என்பதையும் அவர் சொல்வதில்லை, அப்பாவும் அதற்கு இடம் வைப்பதில்லை. காசு கையோடு கொடுத்துவிடுவார். கடைசிவரை அந்தக் கடைக்குத்தான் போனார். பழக்கம் அறுந்துவிடவில்லை. முன்னால் இருந்த கொஞ்சம் மட்டும் இல்லாமல் போனது.

வண்டியை எடுத்துவந்த மறுநாள் முதல், லைன் கிளம்புவதற்கு முன்னால் அப்பா மேக்னெட் பக்கம் குனிந்து நட்டைத் தொட்டுப் பார்ப்பார். விரலால் ஒரு சுண்டு. ஒரு மாசம் கழித்து அதை விட்டுவிட்டார். ஷாஃப்ட் மேல் நம்பிக்கை வந்துவிட்டது. என்னிடம் மட்டும் ஸ்பானர் வரவில்லை. ஃபேன் சுற்றவில்லை என்றால்கூட வெளியே ஆளைக் கூப்பிட்டார். நானும் கேட்கவில்லை.

*

டிரெய்னி பையனை மறுநாள் காலை கேன்டீனுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். மேக்னெட் கதையைச் சொன்னேன். மெக்கானிக்கிடம் அப்பா போட்ட சண்டை வரைக்கும். அறிவுரை எதுவும் சொல்லவில்லை. எனக்கு அதில் பழக்கமும் இல்லை. டீ ஆறும் வரைக்கும் சும்மா இருந்தான். பிறகு, “சார், அது ஒண்ணு இல்ல. இன்னும் நாலு இருக்கு. என் பெஞ்சுக்கு அடியில வெச்சிருக்கேன்” என்றான்.

நாலையும் எடுத்து வரிசையாக வைத்துப் பார்த்தோம். எல்லாவற்றிலும் மரை ஒரே பக்கம்தான் சாய்ந்திருந்தது. ஒரு ஷாஃப்ட்டில் சாய்ந்தால் அது கைத்தவறு. அஞ்சிலும் ஒரே பக்கம் சாய்ந்தால்? ஷாஃப்ட்டைப் பிடித்து வைக்கும் ஃபிக்ஸ்சரில் போய் அளந்தோம். அதன் ஸ்டாப்பர் தேய்ந்து ஒரு பக்கம் இறங்கியிருந்தது. அதில் உட்காரும் ஒவ்வொரு ஷாஃப்ட்டும் கொஞ்சம் சாய்ந்துதான் நிற்கும். நட்டு கோணலாகத்தான் ஆரம்பிக்கும். இழுத்தது அவன் தப்பு. கோணல் அவனுடையது இல்லை.

அந்தத் தாளில் அவன் எழுதியதை நான் அப்படியே கையெழுத்துப் போட்டு அனுப்பியிருந்தால், இரும்பு சப்ளை செய்தவர்களுக்கு ஒரு கடிதம் போயிருக்கும். அவர்கள் பதில் எழுதியிருப்பார்கள். ஸ்டாப்பர் இன்னும் தேய்ந்துகொண்டே இருந்திருக்கும்.

அவனுக்கு ஒரு மெமோ வந்தது. அதை என்னால் தடுக்க முடியவில்லை. நாலு ஷாஃப்ட்டை ஒளித்துவைத்ததற்கு மெமோ கொடுக்காமல் இருக்க முடியாது. ஒரு வாரம் என்னைப் பார்த்தால் வேறு பக்கம் போனான். இப்போது பேசுகிறான்.

*

2009-ல் ஒரு ஞாயிற்றுக்கிழமை, காந்தி வீதி சண்டே மார்க்கெட்டில் பழைய சாமான் விரித்திருந்த ஒருவரிடம் ஒரு புல்லர் பார்த்தேன். எங்கள் வண்டி மேக்னெட்டுக்குச் சேரும் அளவு. துருப்பிடித்திருந்தது, மரை நன்றாக இருந்தது. நகத்தை இழுத்துப் பார்த்தேன். பேரம் பேசி நாற்பது ரூபாய்க்கு வாங்கினேன். வீட்டில் மண்ணெண்ணெயில் ஊறவைத்துத் துடைத்து, துணியில் சுற்றி, என் பெட்டிக்குள் வைத்துக்கொண்டேன். யாரிடமும் சொல்லவில்லை. அம்மா மட்டும் பார்த்தாள்.

இரண்டு மூன்று மாதம் கழித்து ஒரு நாள் சாயங்காலம் வண்டி மறுபடியும் நின்றுபோனது. பிளக்கில் கரண்ட் இல்லை. அப்பா வண்டியின் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். நான் உள்ளே படிப்பது மாதிரி உட்கார்ந்திருந்தேன். மெக்கானிக் கடை மூடியிருக்காது, மணி ஏழுதான்.

அப்பா எழுந்து உள்ளே வந்தார். ஸ்பானரை என் புத்தகத்தின் மேல் வைத்தார்.

“புல்லர் வாங்கி வெச்சிருக்கியாமே?” என்றார். “எட்டு மணிக்கு நான் படுக்கணும். நான் பாத்துகினு இருக்கேன், நீ கழட்டு.”